பின்னாடி வர்றேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். உன் தம்பிக்கு மட்டும் பல்வலி, பரீட்சை முடிந்த அன்றே அது சரியாகிவிடும் என்பது என் கணிப்பு. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று சொல்வதைப் பாதி நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். செருப்பு அலமாரிக்கு உன் அப்பா தானே வர்ணம் அடித்தார், அலமாரியைவிடத் தரைக்குத்தான் அதிகம் கிடைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது சிரித்தாயே, ஏம்மா, அப்பா உன் பின்னால போறப்பல்லாம் லாரி மாதிரி ஹாரன் அடிக்கிறாரு என்று. வயசாகிறது, அப்படித்தான் என்று மழுப்பிவிட்டேன். அது பொய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது என்பதால் காரணத்தை எழுத்தில் சொல்கிறேன். பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, முடிந்ததால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எங்கள் ஓட்டல் சமையலறை உனக்குத் தெரியும். அடுப்பு வரிசைக்கும் நான் காய் நறுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு சந்து, ஒருவர் நின்றால் இன்னொருவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் கொதிக்கிற சட்டியோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும் 'பின்னாடி' என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கடப்போம், நிற்கிறவர் மேசையோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவார். பதினோரு வருடம் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் முதுகைக் காட்டி நின்றேன். போன வருடக் கடைசியில் வந்த புது மேனேஜர் அந்த வழக்கத்தையே பெரிய எழுத்தில் அச்சடித்து, கீழே கையெழுத்தும் போட்டுச் சுவரில் ஒட்டினார். ஒழுங்கான மனிதர் என்று நினைத்தேன். ஆனால் என் பின்னால் அவர் வரும்போது குரல் வராது, கைதான் வரும். முதல் முறை இட நெருக்கடி என்று நினைத்தேன், இரண்டாம் முறை அப்படி நினைக்க முயன்றேன், மூன்றாம் முறை கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, இன்னொரு தடவை கை பட்டால் எல்லோர் முன்னாலும் சொல்வேன் என்றேன். இந்த வயசுல உன்னை யாரு தொடப்போறா, வீட்ல கண்ணாடி இல்லையா என்று சிரித்தார். முதலாளியிடம் போனேன், இடம் சின்னதும்மா, பெருசு பண்ணாதீங்க என்றார். அந்த வாரமே ஒரு தாள் கொடுத்தார்கள். நறுக்கும் வேகம் குறைந்துவிட்டதாம், நாளையிலிருந்து வர வேண்டாமாம். வேகம், பாப்பா. நீ குளித்து முடிப்பதற்குள் ஒரு மூட்டை வெங்காயத்தை நறுக்கிவிடுகிறவள் நான். நீ குளிக்க எவ்வளவு நேரம் எடுப்பாய் என்பது வேறு கதை.

ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். வேலை நன்றாகப் போகிறது என்று உன்னிடம் சொன்னதெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டுதான். தெரிந்தால் படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று பயந்தேன். உன் அப்பாவிடமே பத்து நாள் கழித்துத்தான் சொன்னேன், அதுவரை ஓட்டலில் ஆள் குறைத்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்தப் பத்து நாளும் அதுதான். சந்து, குரல், கை எல்லாவற்றையும் கேட்டவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்பு, தொழிலாளர் அலுவலகத்தை அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க என்றார்.

விசாரணைக்கு அழைக்க ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது. விசாரணை செய்த அதிகாரி என்னைவிடச் சின்னப் பெண். அந்தச் சந்துல யார் போனாலும் இடிக்கும் மேடம், இதுல கெட்ட எண்ணம் எங்கேர்ந்து வந்துச்சு என்றார் மேனேஜர். உடன் வேலை செய்கிறவர்களில் பாத்திரம் கழுவுகிறவளைத்தான் முதலில் அழைத்தார்கள், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள், எனக்கு நம்பிக்கையே இல்லை. இடிக்காமப் போக முடியுமா என்று அதிகாரி கேட்டார். அவள் உலர்ந்த கையையே ஈரக்கை மாதிரி துடைத்துக்கொண்டு, குரல் குடுத்தா முடியும் மேடம், தாடி அண்ணன் பின்னாடி போறப்ப இவரு காது கிழியக் கத்துவாரு, எனக்கும் அக்காவுக்கும் பின்னாடி வர்றப்ப மட்டும் இவருக்குத் தொண்டை கட்டிக்கும் என்றாள். தாடி என்பது பொரிக்கிற அடுப்பில் நிற்கிறவன். அவனையும் அழைத்துக் கேட்டார்கள். ஆமாங்க, எனக்குத் தினமும் கத்துவாரு, ஒருநாள் நான் குரல் குடுக்காமப் போனதுக்கு சுவத்துல இவரு ஒட்டின தாளைக் காட்டி எல்லார் முன்னாடியும் திட்டினாரு என்றான். அடுத்த நாள் அந்தத் தாள் நான்கு மூலையிலும் சுவர்ச் சுண்ணாம்போடு அதிகாரியின் மேசைக்கு வந்தது. உங்க கையெழுத்துதானே என்று கேட்டார் அதிகாரி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை கையெழுத்தும் போட்டிருந்தது. பதினோரு வருடத்தில் என் வேகத்தைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் காட்டுங்கள் என்றதற்கு முதலாளியிடம் எதுவும் இல்லை.

விசாரணை முடிந்த மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. என்னை நீக்கியது செல்லாது, மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும். மேனேஜரை அனுப்பிவிட்டார்கள். முதலாளி மன்னிப்புக் கேட்டார் என்று சொல்ல முடியாது, வாங்கம்மா, நீங்க இல்லாம வெங்காயமெல்லாம் கட்டை கட்டையா வருது என்றார், அவரால் முடிந்தது அவ்வளவு. ஒன்று மட்டும் உறுத்துகிறது. எனக்கு முன்பே பாத்திரம் கழுவுகிறவளுக்கு அது நடந்துகொண்டிருந்தது. நாலு எட்டுத் தள்ளி நின்ற நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது இருவரும் சேர்ந்துதான் சாப்பிட உட்காருகிறோம், பேச ஆரம்பித்தால் அவள் நிறுத்துவதில்லை.

உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஆறுதலாக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நான் எல்லாவற்றையும் சொன்ன மறுநாள் காலை, அடுப்பைப் பார்த்து நின்றிருந்தேன், தண்ணீர் எடுக்க வந்தவர் நிலைப்படியிலேயே நின்று, பின்னாடி வர்றேன் என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். நேற்று, எல்லாம் முடிஞ்சுபோச்சே, இனி எதுக்கு என்று கேட்டேன். இருக்கட்டும், பழகிடுச்சு என்றார். நீ சிரித்துக்கொள், அவரிடம் மட்டும் கேட்காதே, கூச்சப்படுவார்.

என்னிடமிருந்து மூக்கை எடுத்துக்கொண்டாய், பிடிவாதத்தை எடுத்துக்கொண்டாய், இந்த மறைக்கிற குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. உனக்கு ஏதாவது என்றால் பத்து நாள் காத்திருக்காமல் அன்றே சொல். ஈரத் தலையோடு வெளியே போகாதே. நினைத்ததெல்லாம் கைகூடி நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். உன் அப்பா இதோ கூடத்துக்கு வருகிறார், வழக்கம்போலக் குரல் கொடுத்துவிட்டார். அவர் கண்ணில் படாமல் இந்தத் தாளை மூடிவைக்க நேரம் இருக்கிறது. மூடவில்லை.

என்றும் உன்,
அம்மா