கோழிக்கு நான் அடித்த இறக்கை

என் அன்பு மகளுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ நன்றாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், எங்களுக்கு வேறென்ன வேண்டும். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம், ஆனால் அந்த ஒரு வரியை இந்த முறை எழுதப் போவதில்லை. பதறாதே, யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. வீடியோ போனில் சொன்னால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அந்தத் தைரியம் எனக்கு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன், முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கே அனுப்பிவிடுவேன். சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று, மாடி வீட்டுக்காரர் இன்னும் செருப்பை நம் வாசலில்தான் கழற்றிப் போடுகிறார். சரி, சுற்றி வளைத்தது போதும்.

போன மாதம் அப்பா உன்னிடம் கேட்டாரே, மாத்திரைப் பேரெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிக்குதும்மா, நீதான் மூளை மனசுன்னு படிக்கிறியே, என்னைக் கொஞ்சம் சோதிச்சுப் பாரு, தேறலைன்னா மருந்துக்கடையை மூடிடறேன் என்று. நீயும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாய். கண்ணாடி, ஏணி, கோழி, மணி, நீலம் என்று ஐந்து வார்த்தை சொன்னாய், நடுவில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாய், பிறகு அந்த ஐந்தையும் திரும்பக் கேட்டாய். அம்மா அந்த ரூம்ல இருக்கவே கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தாய். நான் போகிற மாதிரி போய், தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்திருந்த போனுக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டேன். கண்ணாடி என்றார், அவ்வளவுதான், அப்புறம் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லையடி. ஏணிக்குக் காற்றில் ஏறிக் காட்டினேன், மணிக்குக் கையை ஆட்டினேன், நீலத்துக்கு ஜன்னல் திரையைப் பிடித்து இழுத்தேன், கோழிக்கு இரண்டு கையையும் மடக்கி இறக்கை அடித்தேன். அப்பா ஏன் மேலேயே பாக்கறீங்க என்று நீ கேட்டாய், யோசிக்கிறேம்மா என்றார். பரீட்சை ஹாலில் ஒரு பிள்ளை கழுத்தைத் திருப்பினாலே விடைத்தாளைப் பிடுங்கிய டீச்சர் நான். வேலியே பயிரை மேய்ந்தது.

அப்பா பிரமாதம், என்னைவிட நல்லா சொல்றீங்க, ஆனா நான் டாக்டர் இல்ல, ஒரு தடவை காட்டிடுங்க என்றாய். முதல் பாதி மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது. மறுநாள் அப்பா விசில் அடித்துக்கொண்டே கடையைத் திறக்கப் போனார், நானும் நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். முன்பு ஒரு தடவை நீ சொன்னாயே, மனசுங்கறது தனியா ஒரு ரூம் போட்டு உக்காந்திருக்கலம்மா, மூளை செய்யற வேலைதான் அது என்று. அப்போது உன்னோடு மல்லுக்கு நின்றேன், மூளை எப்படிப் போனா என்னடி, மனுஷன் மனசு நல்லா இருந்தா போதும் என்றேன். அந்த மனசு நோகக் கூடாது என்றுதான் அன்றைக்கும் இறக்கை அடித்தேன், மூளையை யாரும் பார்க்க முடியாமல் நானே மறைத்துக்கொண்டு நின்றேன்.

இந்தத் திங்கட்கிழமை தையல்காரம்மாவுக்கு பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாளுக்குச் சர்க்கரையே கிடையாது. நல்ல வேளை, நூலின் நிறம் பார்த்துப் பழகிய கண், என்ன அண்ணாச்சி மாத்திரை கலர் வேற மாதிரி இருக்கே என்று வாசப்படியிலிருந்தே திரும்பி வந்துவிட்டார். அப்பா அப்போதே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் பொண்ணு சோதிச்சுப் பாத்து பாஸ் போட்டாளே, அப்புறம் ஏன் இப்படி என்றார். சும்மா சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் சைகை காட்டியதே அவருக்கு நினைவில்லை. பாவி, நான் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்திருக்கலாம். அந்தத் தையல்காரம்மா கவனிக்காமல் போட்டுக்கொண்டிருந்தால்? நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை, நீ சோதித்தது என்னைத்தான், எனக்கு நாலுக்கு நாலு.

நேற்று காலை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. நம்பாத மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். சரி என்று எழுந்து நின்று கையை மடக்கி இறக்கை அடித்துக் காட்டினேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது, ஆமா ஆமா, இப்படித்தான் நின்னே என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அது எந்த வார்த்தைக்கு என்று கேட்டேன். நீ நம்ப மாட்டாய், இறக்கை அடித்துக்கொண்டே நிற்கிறேன், அவருக்குத் தெரியவில்லை. வார்த்தை வரல, நீ பயந்து போய் நின்னது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, ரொம்பப் பயந்துட்டியா என்று என்னைக் கேட்கிறார்.

நாளை நரம்பு டாக்டரிடம் போகிறோம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவேன், முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றிலும் மறைக்க மாட்டேன். கடை பூட்டியே இருக்கிறது, சாவி என்னிடம். நீ டிக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வராதே, படிப்பை முடி, ஆனால் இன்று கூப்பிட்டு அப்பாவோடு பேசு, என்னை அப்புறம் திட்டிக்கொள். குளிரில் காதை மூடிக்கொள். நீ நூறு வயது நல்ல நினைவோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
உன் அம்மா

மறந்துவிடாதே: அப்பாவுக்கு இன்னொரு தடவை சோதனை வைக்க வேண்டும் என்றால் நான் தெருமுனையில் போய் நிற்கிறேன். புதிதாக ஐந்து வார்த்தை எடு. கோழி மட்டும் வேண்டாம், தெருமுனையில் நின்றாலும் என் கை தானாக எழும்பிவிடும்.