இடப்பக்கமே போகும் பந்து

ஷார்ஜா
18.3.1989

அன்புள்ள ஞானம்,

மாதா புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இடுப்புவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

போன வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனிக்கும் உன் அண்ணன் கம்பெனிக்கும் ஃபுட்பால் மேட்ச். நாங்கள் ஜெயித்துவிட்டோம், சிரிக்காதே. சேலையூர் ஏரிக்கரை மைதானத்தில் எந்தக் கோலைப் பார்த்து ஓடினாலும் வலது மூலையில் எப்போதும் தண்ணீர் நிற்குமே, அதனால் நாங்களெல்லாம் இடப்பக்கமே பாஸ் கொடுத்துப் பழகியவர்கள். இந்தக் காய்ந்த மணலிலும் அண்ணனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அதை எங்கள் கேப்டனிடம் நான்தான் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் இரண்டு பேரை நிறுத்திவிட்டார். அண்ணன் கொடுத்த பாஸ் ஒன்றுகூட முன்னால் போய்ச் சேரவில்லை.

ஆட்டம் முடிந்ததும், "இன்னா மாப்ளே, நம்ம கிரவுண்டையே வித்துட்டியா?" என்று சிரித்தார். எனக்கு விசா வாங்கிக் கொடுத்த மனுஷன். கப்பைக் கையில் வாங்கவே கூசியது.

வெள்ளிக்கிழமையானால் என் ரூமுக்குச் சாப்பிட வருவார். நேற்று வரவில்லை. இரண்டு பேருக்கு ஆக்கியிருந்தேன்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. பாட்டில்மேல் அண்ணன் பெயரை எழுது. விலாசம் மட்டும் என்னுடையதாக இருக்கட்டும். அதை வாங்கிப்போகவாவது வருவார்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன்
சவுரிமுத்து