கோபுரத்தில் அசைந்த கம்பி

டிசம்பர் 19, வெள்ளி இரவு

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன்.

ஞாயிறன்று எங்கள் தேவாலயக் கோபுரத்தில் நின்று நான்கு பேர் நத்தார்ப் பாடல்களை, கிறிஸ்துமஸ் கீதங்களை, ஊதுகருவிகளில் வாசிப்பார்கள். அதில் என் அண்ணன் ஜூட் அண்ணைதான் டிரம்போன். ஒத்திகைக்கு நான் இசைத்தாள்களைக் கொண்டு போனேன். மேலே குளிர் கடுமை. ஊதும் முனை உறையாமலிருக்க அண்ணை அதைக் கையுறைக்குள் வைத்துச் சூடாக்கினார். பிறகு காற்று தள்ளாதபடி கைப்பிடிக் கம்பியில் முதுகைச் சாய்த்து வாசித்தார். கம்பி வெளிப்பக்கமாக அசைந்தது. சுவரில் அதைப் பிடித்திருந்த ஆணி பாதி வெளியே வந்திருந்தது. நேர் கீழே கோட்-டெ-நெய்ஜ் வீதியில் போகும் பஸ்ஸின் கூரை தெரிந்தது.

இறங்கும்போது அண்ணையிடம் சொன்னேன்.

"அது போன வருஷமும் ஆடினதுதான். புத்தகம் வாசிச்சு வாசிச்சு நீ எல்லாத்துக்கும் பயப்பிடுறாய்."

"விழுந்தால் என்ன செய்வியள்?"

"விழேக்கையும் சுருதி பிசகாமல் வாசிப்பன்."

சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "ஃபாதருக்குச் சொல்லாதை. கோபுரத்தைப் பூட்டிப்போடுவார். சொன்னியெண்டால் உன்னோடை கதைக்கமாட்டன்."

அண்ணை சொன்னால் சொன்னதுதான். மூன்று மாதமாக இதற்காகவே வாசித்துப் பழகினார். ஆனால் கண்ணை மூடினால் கம்பியில் சாய்ந்த அந்த முதுகுதான் தெரிகிறது.

சற்று முன் கம்பியைப் பற்றி ஃபாதருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டேன்.

இப்போது பக்கத்து அறையில் அண்ணையின் ஃபோன் அடிக்கிறது. "ஓம் ஃபாதர்," என்கிறார். பிறகு "ஆர் சொன்னது?" என்று கேட்கிறார்.

அண்ணையின் அறைக் கதவு திறக்கிறது. விளக்கை அணைக்கப் போகிறேன்.