சால்ட் லேக் முகாமில் நீ சிரித்தாயாமே!

என் கண்ணான அம்மாவுக்கு,

நீ போனபிறகு வந்த முதல் மழை இது. நம் பெஹாலா வீட்டுக் குழாயில் தண்ணீர் மஞ்சளாய், நாற்றத்தோடு வந்தது. சந்தில் குழந்தைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. நீ இருந்திருந்தால் அன்றே வார்டு ஆபீசில் போய் உட்கார்ந்திருப்பாய். உன் இடத்தில் மினதி போய் உட்கார்ந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எழுபத்தொன்றில் சண்டை மூண்டு, வங்காள எல்லை தாண்டி அகதிகள் வந்து குவிந்தபோது, சர்க்கார் நர்ஸான உன்னை சால்ட் லேக் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே காலராவில் தாயைப் பறிகொடுத்தவள் மினதி. என் வயதுதான். ஊசி போடவும் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கலக்கவும் காலையில் போவாய். திரும்பி வந்தால் அவள் பேச்சுதான். "மினதி இன்னிக்குக் கஞ்சி குடிச்சா. மினதி எழுந்து நடந்தா."

எனக்கு டைபாய்டு வந்தபோதும் நீ லீவு போடவில்லை. "இன்னிக்கு மட்டும் போகாதேம்மா" என்று புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு அப்பா இருக்கார்டி. அங்க அவளுக்கு யார் இருக்கா?" என்று என் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டுப் போனாய். நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு காய்ச்சலில் கிடக்கிற குழந்தை என்ன செய்யும்?

சண்டை முடிந்தது. முகாம் கலைந்தது. மினதி மட்டும் இங்கே டம்டமில் தன் மாமா வீட்டில் தங்கிவிட்டாள். உன் காரியத்துக்கு வந்தவள், அதன்பின் அடிக்கடி வருகிறாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு டும்பா, மருந்து கலந்த தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். மினதி அதில் ஒரு வாய் குடித்தாள். மூக்கைச் சுளித்து, கண்ணை உருட்டி, மயங்கி விழுவதுபோல் சுவரில் சாய்ந்தாள். குழந்தை சிரித்துக்கொண்டே டம்ளரைக் காலி செய்தது.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்று வங்காள மொழியில் கேட்டேன்.

"மாகிட்டதான், தீதி. முகாம்ல எனக்கு இப்படித்தான் செஞ்சு காட்டுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்." என்னை அக்காவாக்கி 'தீதி' என்கிறாள்; உன்னை 'மா' என்கிறாள்.

வயிறு வலிக்கவா? நீயா? என்னிடம் "குடி" என்று டம்ளரை நீட்டுவாய், அவ்வளவுதானே அம்மா! சிரிப்பையெல்லாம் அங்கே செலவழித்துவிட்டு, அலுப்பை மட்டும் என்னிடம் கொண்டுவந்தாயா? சமையலறைக்குள் போய் அழுதேன். வேறென்ன, பொறாமைதான்.

நேற்று அவளோடு நானும் வார்டு ஆபீசுக்குப் போனேன். இருவரும் மாறி மாறிக் கத்தியபிறகு ஆட்கள் வந்து சந்துத் தரையைத் தோண்டினார்கள். லாரி ஏறி உடைந்த குழாயில் சாக்கடை கலந்திருந்தது. மாற்றிவிட்டார்கள்.

"நீங்க அக்கா தங்கையா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"ஆமா. எங்க மா நர்ஸு" என்றாள் மினதி, யோசிக்காமல். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுக்கவில்லை.

இனி அவள் வந்தால் சாப்பிடாமல் அனுப்பமாட்டேன், சத்தியம். 'மா' என்று உன்னை அவள் சொல்லிக்கொள்ளட்டும். 'அம்மா'வைத் தரமாட்டேன். அது எனக்கு மட்டும்.

நீ பெற்ற ஒரே மகள்,
வசந்தா