போலந்து துரைக்கு வரவேற்புரை

திங்கள். விடாத மழை.
அப்பா கட்டிலுக்கு மேல் மறுபடியும் ஒழுகல். கட்டிலை நகர்த்திவிட்டு ஆபீஸ் போனேன். வெள்ளிக்கிழமை போலந்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி எங்கள் செம்பனைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறாராம். அவர் பெருமையைத் தமிழிலும் இங்கிலீஷிலும் வாசிக்க வேண்டியவள் நான். "நல்லா புகழ்ந்து எழுதும்மா" என்றார் மேனேஜர். அதே வாய்தான் போன வாரம், மாதக் கடைசிக்குள் நாங்கள் குடியிருக்கும் பின் லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னது. மாற்று வீடு? பேச்சே இல்லை.

செவ்வாய். வெயில்.
அந்த அதிகாரியைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். எரிச்சல். எந்த ஆட்சி வந்தாலும் இவருக்குப் பதவி உயர்வு. இப்போது அமைச்சின் தலைமைச் செயலாளர். ஒரு முறைகூட வழுக்கி விழாத ஆள். ஆனால் முதல் வேலை, தொழிலாளர் வீடுகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். அந்த ஒரு வரி மனசை விட்டுப் போகவில்லை.

புதன்.
முன் லயத்துக்கு மட்டும் சாயம். அதுவும் ரோட்டைப் பார்த்த சுவருக்கு. தென்னை மரத்துக்கும் வெள்ளை. பக்கத்து வீட்டு மேரி அக்கா: "மரத்துக்கு இருக்கிற மரியாத நமக்கு இல்ல லா."
வாங்க: மல்லிகை, அப்பா மாத்திரை.

வெள்ளி. மேகம்.
வாசித்தேன். கடைசியில் நானாகச் சேர்த்தது: "நீங்கள் அன்று சோதித்தது போன்ற வீடுகள் இங்கே பின்னாலும் இருக்கின்றன." மேனேஜர் முகம் கறுத்தது. அந்த மனிதர் உண்மையாகவே எழுந்து பின் லயத்துக்கு நடந்தார். எங்கள் வீட்டுக்குள் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். வீடு எப்படி என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னார்.
அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "ஒரு கொறையும் இல்லீங்க தொரை."
கூரை ஒழுகுகிறது, துரத்துகிறார்கள், போக இடமில்லை என்று அவரிடம் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். அப்பாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும். என்னை முறைத்தார்.
"நோ சார். ஹவுஸ் குட். மேனேஜர் குட்."
போலந்துக்காரர் என்னைப் பொய்க்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்பாவோடு ஒரு படம். கார் போய்விட்டது. இன்ஸ்பெக்டராம்! தலைக்கு மேலே ஓட்டை, அதைக் கண்ணால் பார்த்த மனிதன்.

சனி. மழை.
இனி ஆபீசுக்கு வர வேண்டாமாம். ஆள் விட்டுச் சொன்னார் மேனேஜர். அப்பாவிடம் நான் பேசவில்லை. அவரே வந்தார்.
"கோவமாம்மா? தொரைமாருகிட்ட கொற சொன்னா வீட்ட புடுங்கிருவாங்க. அதான் நல்லா இருக்குன்னேன். இனிமே நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்க, பாரு."
சரிப்பா என்றேன்.