ஒருகொடவத்தை மேட்டுக்கு இரண்டு கணக்கு

நிலமளப்பதற்கென்றே பூமிக்கு இறக்கப்பட்ட என் அருமை அத்தானுக்கு,

இந்நேரம் சொர்க்கத்தில் பாதியை அளந்து முடித்திருப்பீர்கள். இங்கே எனக்கு மண்டை குழம்பிக் கிடக்கிறது. உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

ஒருகொடவத்தையில் நீங்கள் அளந்து படம் வரைந்த மேட்டை வெட்டி அகற்றப்போகிறார்கள். எவ்வளவு மண் என்று சொல்லும் பொறுப்பு உங்கள் மகள் துளசிக்கு. சர்வேயராகி அவள் கையெழுத்திடும் முதல் கணக்கு. உங்கள் கணக்கைவிட ஆறிலொரு பங்கு குறைகிறது! மேட்டில் யாரும் கைவைக்கவில்லை. பிறகு மண் எங்கே போனது?

நேற்றுக் காலை வெள்ளவத்தை வீட்டில் இடியப்பங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி எனக்கு விளக்கினாள்.

"ஒவ்வொண்டும் ஒரு சமவுயரக்கோடு, மாமா, ஒரே உயரத்தில இருக்கிற இடங்களைச் சேர்க்கிற கோடு. கீழ் வட்டத்தின்ர பரப்பையும் மேல் வட்டத்தின்ர பரப்பையும் கூட்டிப் பாதியாக்கி, இடையில இருக்கிற உயரத்தால பெருக்கவேணும். அடுக்கடுக்காக் கூட்டினா மேட்டின்ர கனவளவு வரும்."

"இவ்வளவுதானோ? இமயமலையையே சம்பலோட அளந்துபோட்டு வாறன்!"

அவள் சிரிக்கவில்லை. "அப்பா கோடுகளை அகலமா விட்டவர். நடுவில சரிவு ஒரே சீராப் போகுதெண்டு எடுத்திட்டார். நான் நெருக்கமாப் போட்டனான். அதுக்குள்ள ஒரு பள்ளம் கிடக்கு. ஆனா அப்பா பிழை விடுவாரோ? கந்தோரில எனக்கு மேல வேலை பார்க்கிற பெரியவர், 'அப்பாட கணக்கையே போடு பிள்ளை' எண்டுறார்."

எறும்பு மிதித்த குழியையும் படத்தில் குறிப்பவர் நீங்கள் என்று கொழும்பு முழுக்கப் பறைசாற்றியவன் நான். மேட்டையே போய்ப் பார்ப்போம் என்றேன்.

பின்னேரம் இருவரும் ஒருகொடவத்தைக்குப் போனோம். மேட்டை மூடிய புதர்ப் பற்றைக்குள் ஓரடி வைத்தேன். அவள் சொன்ன பள்ளத்துக்குள் இடுப்புவரை என்னைக் காணவில்லை.

"மாமா, அசையாதேங்கோ!" என்று கத்தினாள். பதறினாளாக்கும் என்று நினைத்தேன். இல்லை, என்னருகே அளவுகோலை நட்டு இன்னொரு முறை அளந்தாள்.

"என்ர கணக்குத்தான் சரி," என்றாள். உடனே அழுதாள். சரியாகச் செய்தவள் ஏன் அழவேண்டும், அத்தான்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்று அந்தப் பள்ளத்தைப் பற்றை மறைத்ததா? அந்தக் காலத்துக்கு அவ்வளவு போதுமென்று விட்டீர்களா?

இன்று காலை தன் கணக்கிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

வருகிற திவசத்துக்கு வழக்கம்போல் உங்கள் புகழை அவிழ்த்துவிடுவேன். ஆனால் ஒரு வாக்கு: இம்முறை உங்கள் பிழையையும் சொல்வேன். அதைக் கண்டுபிடித்தது உங்கள் பிள்ளை என்றும் சொல்வேன். இரண்டாவதை மட்டும் கொஞ்சம் பெருப்பித்துச் சொல்ல அனுமதி தாருங்கள்.

உங்கள் மனைவியின் ஒரே தம்பி,
துளசியின் மாமா