பிடுங்கிப்போட்ட பெண் செடிகள்

மட்டோல் ஆற்று முகத்துவாரம்,
நவம்பர் 9, ஞாயிறு

அன்பு மகன் டோபினுக்கு,

அம்மா எழுதுகிறேன். அலாஸ்காவில் இந்நேரம் குளிர் கடுமையாகியிருக்கும். கப்பலில் மீன் வெட்டும் மேசையில் கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறாயா, இல்லை உன் வழக்கப்படி வெறுங்கையா? பத்து மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. வீம்பு உனக்கு என்னிடமிருந்து வந்ததுதான். அதனால் நானே முதலில் இறங்கி வருகிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வடக்குப் பக்கக் கூரை ஒழுகுகிறது. நம் பிக்கிளுக்கு இப்போது சுத்தமாகக் காது கேட்பதில்லை. நான் சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தம் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது, திருட்டு நாய்.

இந்த வருடம் நமக்கு அறுவடை இல்லை. சுற்றி வளைக்காமல் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடலோரப் பனிமூட்டத்தில் வேறு எந்தக் கஞ்சா ரகமும் உருப்படாது என்பது உனக்குத் தெரியும். மொட்டு பருக்கும்போதே உள்ளுக்குள் சாம்பல் பூஞ்சை பிடித்துவிடும். தப்பியதை அக்டோபர் மழை அழுகவைக்கும். உன் அப்பா பத்தொன்பது வருடம் ஆப்கான் குட்டைச் செடியையும் மெக்சிகோ நெட்டைச் செடியையும் கலந்து, கலந்ததைத் திரும்பக் கலந்து, பூஞ்சை தொட்டதையெல்லாம் இரக்கமில்லாமல் எரித்து, மழைக்கு முன்பே முதிர்கிற லைட்ஹவுஸ் ரகத்தைக் கொண்டுவந்தார். ஜாடியில் இருந்த கடைசி விதைகளையும் இந்த வசந்தத்தில் போட்டுவிட்டார். எடுத்து வையுங்கள் என்றேன், கேட்கவில்லை.

ஜூலையில் வழக்கம்போல, விலைபோகும் பெண் மொட்டில் விதை பிடிக்காமல் இருக்க, ஆண் செடிகளைப் பிடுங்கினோம். அப்பா கணுவில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஆண் என்றால் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு முன்னால் போனார். நான் பின்னாலேயே பிடுங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது செடி கையில் வந்தபோதுதான் பார்த்தேன், கணுவில் இரண்டு வெள்ளை இழைகள். பெண் செடி. அடுத்ததும் பெண். நாடா கட்டாமல் விட்டவற்றில் பச்சை மிளகு போல ஆண் மொட்டுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. நான்கு வயதில் நீகூட இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாய்.

அவர் விசிலடித்துக்கொண்டே போனார். நான் நின்றுவிட்டதைப் பார்த்து, "என்ன ஆர்டித், இடுப்பு பிடிச்சுக்கிச்சா? சட்டுனு பிடுங்கு. நூத்துக்கு நூறு சரியாப் பாத்து வச்சிருக்கேன்" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன், வாய் வரவில்லை. தெரிந்தே, ஒன்று விடாமல், ஐம்பத்திரண்டு பெண் செடிகளையும் என் கையாலேயே பிடுங்கிப் போட்டேன்.

மறுநாள் அந்த ஆண் செடிகளையாவது வெட்டியிருக்க வேண்டும். அவரோ தினமும் அவற்றுக்குத் தண்ணீர் விட்டு, இந்த மாதிரி ஒரு வருஷம் அமைந்ததே இல்லை என்று பூரித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். ஆகஸ்டில் மகரந்தம் வெடித்து, கடல்காற்றில் நேராகப் பக்கத்து நிலத்து ஹாலிஸ் தோட்டத்துக்குப் போய்விட்டது. அவன் வைத்திருந்ததும் நம்மிடம் வாங்கிய கிளையிலிருந்து வளர்த்த லைட்ஹவுஸ்தான்.

செப்டம்பரில் ஹாலிஸ் வந்து வாசலிலேயே கத்தினான். "ஏன்டா எல்வுட், உனக்கு மூளை கீளை இருக்கா? என் தோட்டம் பூரா விதைடா! மொட்டைக் கிள்ளினா பொலபொலன்னு கொட்டுது. இதை எவன்டா வாங்குவான்?"

அப்பா ரொம்ப நிதானமாக, "நாங்கதான் ஜூலையிலேயே ஆண் செடியெல்லாம் பிடுங்கிட்டோமே. ஆர்டித்தும் கூடத்தானே இருந்தா, கேளு" என்றார்.

ஹாலிஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். விறுவிறுவென்று மேலே தோட்டத்துக்குப் போனான். அங்கே ஆண் செடிகள் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது தொப்பியைக் கையில் வைத்திருந்தான். அப்பா தோளில் கையைப் போட்டு, "என் தப்புடா எல்வுட். காத்துல வேற எங்கிருந்தோ வந்திருக்கு" என்றான். ஒரு வருட உழைப்பு போனவன் அப்படிச் சொன்னான் டோபின். அவன் போன பிறகு நான் கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதேன். மறுவாரம் அவனே ஒரு ஜாடி நிறைய அந்த விதையைக் கொண்டுவந்து, "ஆண் பக்கம், பெண் பக்கம் ரெண்டுமே எல்வுட் ரகம்தான் ஆர்டித், பத்திரமா வை" என்று கொடுத்தான். அலமாரியில் இருக்கிறது. அதற்காக உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே.

ஜனவரியில் நீ என்னிடம், "அம்மா, அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. விதைப் பொட்டலத்துல பேரு மாத்தி மாத்தி எழுதறாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்" என்றாய். நிலம் வேண்டுமென்றால் நேராகக் கேள், பெற்ற அப்பனைப் பைத்தியக்காரன் ஆக்காதே என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ சொன்னது சரி. அன்றைக்கே எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. என்னை மன்னித்துவிடு.

யுரேகா ஊர் டாக்டரிடம் போன மாதம்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஞாபகம் இனி நாளுக்கு நாள் குறையத்தான் செய்யும் என்றார். முன்பே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆனால் அப்பா வாயில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. ஈரக் காலோடு உள்ளே வராதே என்று பிக்கிளைப் பார்த்துத் திட்டும்போதுகூட டோபின் என்றுதான் சொல்கிறார். எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரியவில்லை.

வா கண்ணா. வேலையை விட முடியாவிட்டால் ஒரு வாரத்துக்காவது வா. வாசலில் நிற்பவன் யார் என்று அவர் கேட்டால் மனதை விட்டுவிடாதே, நீயே உன் பெயரைச் சொல். நானும் இந்த ஒரு வாரமாகக் காலையில் என் பெயரைச் சொல்லித்தான் அவருக்குக் காபி கொடுக்கிறேன்.

கடலில் உன்னைக் கடவுள் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
ஆர்டித்